பென்சிலில் எழுதிய மனு: வக்கீல் அம்மா பதில்கள்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தையும் அங்குள்ள சட்டத்தின் ஆட்சியையும் பாராட்டி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கே காத்திருக்கும் பெற்றோர்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர். கோபமாக ஒருவர். இந்த முறை பட்டா, பாகப்பிரிவினைக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கே பதில் சொல்கிறேன். 32 ஆண்டு திருநெல்வேலிச் சீமை கோர்ட்டுகளில் வழக்காடிய எனக்கு, அந்த நாட்டுத் தீர்ப்புகளைத் தேடிப் படிப்பது இளம் வயதிலிருந்தே உள்ள பழக்கம்.

கேள்வி: என் மகள் டல்லாஸில் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறாள். இங்கே காலை ஏழு மணிக்கு நான் போனில் கேள்வி கேட்பேன், அங்கே அவள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பதில் சொல்வாள். அதில் ஒரு கேள்வி, 'சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன?' பதில், 'சட்டத்துக்கு மேலே யாரும் இல்லை.' இதை எல்லா நாடும்தானே சொல்கிறது? அங்கே என்ன விசேஷம்?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், காரைக்குடி

பதில்: ஐயா, முதலில் ஒரு காரியம். மகள் எந்தத் தேதியில் விண்ணப்பித்தாள் என்று கேளுங்கள். 2025 அக்டோபர் 20 அல்லது அதற்குப் பிறகு என்றால் அவளுக்குப் புதிய தேர்வு. 128 கேள்விகள் படிக்க வேண்டும், அதில் 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் என்றால் பழைய 100 கேள்விகள் போதும். பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு புதிய தேர்வுக்குப் போய்விடக் கூடாது.

இனி உங்கள் கேள்வி. எல்லா நாடும் சொல்வது உண்மைதான். ஆகையால் நான் சொல்வதைப் பார்ப்பதில்லை. மேலே உட்கார்ந்திருப்பவரிடம் 'உங்களுக்கு இந்த அதிகாரம் இல்லை' என்று யாராவது சொன்ன நாளில் அவர் என்ன செய்தார் என்று பார்ப்பேன்.

1952 ஏப்ரல். கொரியாவில் போர் நடக்கிறது. அமெரிக்க எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டார்கள். எஃகு இல்லாமல் பீரங்கி இல்லை, குண்டு இல்லை. வேலைநிறுத்தம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது ஜனாதிபதி ட்ரூமன், ஆலைகளை அரசு எடுத்துக்கொள்கிறது என்று உத்தரவு போட்டார். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. போர்க்காலம், படைகளின் தலைமைத் தளபதி, நாட்டின் பாதுகாப்பு என்று அரசுத் தரப்பில் எல்லா வாதமும் வைத்தார்கள்.

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேரை அமர்த்தியவர் முந்தைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட், நான்கு பேரை அமர்த்தியவர் ட்ரூமனே. அதாவது ஒன்பது பேருமே அவர் கட்சி ஜனாதிபதிகள் கொண்டுவந்தவர்கள். ஜூன் 2 அன்று ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பு வந்தது. 'தனியார் சொத்தை இப்படி எடுக்க எந்தச் சட்டமும் உங்களுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. சட்டம் இயற்றுவது காங்கிரஸின் வேலை' என்பதுதான் அதன் சாரம். இந்த ஆறு பேரில் ஒருவர் டாம் கிளார்க், ட்ரூமனிடமே அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமை வக்கீலாக, இருந்தவர். காங்கிரஸ் என்று நான் எழுதுவது அவர்களுடைய நாடாளுமன்றத்தின் பெயர், கட்சியின் பெயர் அல்ல.

கோர்ட்டிடம் போலீஸ் இல்லை, பட்டாளம் இல்லை. உலகத்தின் மிகப்பெரிய ராணுவங்களில் ஒன்று ட்ரூமன் கையில் இருந்தது. அவர் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குப் போனார்கள், அது ஏழு வாரத்துக்கு மேல் நீடித்தது. அவருக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் கொடுத்தார்.

1974லும் இது நடந்தது. எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்த வாட்டர்கேட் விவகாரத்தில், ஜனாதிபதி நிக்ஸன் தன் அலுவலகப் பேச்சுகளைப் பதிவு செய்த ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொல்லி ஜூலை 24 அன்று, வழக்கைக் கேட்ட எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பு கொடுத்தார்கள். எழுதிய தலைமை நீதிபதி பர்கர், நிக்ஸன் நியமித்தவர். நிக்ஸன் நாடாக்களைக் கொடுத்தார். ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 அன்று அதே நீதிமன்றம், ஜனாதிபதி தன் பதவிக்குரிய அடிப்படை அதிகாரத்தைக் கொண்டு செய்த செயலுக்காகக் குற்றவழக்குத் தொடர முடியாது, மற்ற அலுவல் காரியங்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்று ஆறுக்கு மூன்று தீர்ப்பு சொன்னது. அதிலிருந்து மாறுபட்ட மூன்று நீதிபதிகளின் கவலைதான் எனக்கும். உங்கள் மகள் படிக்கும் அந்த ஒரு வரிப் பதிலை இந்தத் தீர்ப்பு பலவீனமாக்கிவிட்டது என்றே நினைக்கிறேன். தேர்வில் பழைய பதிலையே சொல்லச் சொல்லுங்கள். அது சரியான பதில்.

கேள்வி: போன வருஷம் அமெரிக்க அரசாங்கமே மூடிக் கிடந்ததாகச் செய்தி வந்ததே, ஒரு வல்லரசுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லையா?
— ஜவுளி வியாபாரி, சேலம்

பதில்: பணம் இருந்தது. எடுக்க அனுமதி இல்லை. காங்கிரஸ் சட்டம் போட்டு ஒதுக்காத எந்தப் பணத்தையும் கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. பெட்டி ஜனாதிபதி வீட்டில், சாவி காங்கிரஸ் கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சபைகளும் ஒத்துப்போகவில்லை என்றால் சாவி திரும்பாது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அப்படி நின்றது. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்கள் சம்பளம் வராமலே வேலை பார்த்தார்கள்.

நம் ஊரில் பட்ஜெட் தோற்றால் அரசாங்கம் கவிழும், தேர்தல்கூட வரலாம். அங்கே ஜனாதிபதிக்கு நான்கு ஆண்டு நிச்சயம், காங்கிரஸைக் கலைக்கவும் அவரால் முடியாது. அதனால் இருவரும் முட்டிக்கொண்டு நின்றால் யாராவது இறங்கி வரும் வரை நிற்க வேண்டியதுதான். ஜனங்களுக்கு இது பெரிய கஷ்டம். ஆனால் ஒரே ஆள் பெட்டியையும் சாவியையும் வைத்துக்கொள்வதைவிட இந்தக் கஷ்டம் மேல் என்று அரசமைப்பை எழுதியவர்கள் 1787ல் முடிவு செய்தார்கள். இங்கிலாந்து ராஜாவின் வரியைப் பட்டு அனுபவித்தவர்கள் அவர்கள்.

கேள்வி: அம்மா, நான் சட்டம் இரண்டாம் ஆண்டு. சட்டங்கள் செல்லுமா செல்லாதா என்று பார்க்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவில் கொடுக்கப்பட்டிருக்கிறது? தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.
— மாணவர், மதுரை

பதில்: தம்பி, கிடைக்காது. அப்படி வெளிப்படையாக ஒரு வரி அதில் கிடையாது. நீங்கள் தேடிப் பார்த்தீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷம். நிறையப் பேர் கைடு புத்தகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

1800ல் நடந்த தேர்தலில் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் தோற்றுவிட்டார். 1801ல் வீட்டுக்குப் போகும் கடைசி நாட்களில் தன் ஆட்களுக்கு அவசர அவசரமாக நீதிபதிப் பதவிகள் கொடுத்தார். வில்லியம் மார்பரி என்பவருக்கு வாஷிங்டனில் சிறு வழக்குகள் பார்க்கும் ஒரு பதவி. உத்தரவில் கையெழுத்து ஆகிவிட்டது, முத்திரையும் குத்தியாகிவிட்டது. ஆனால் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. மேசையிலேயே கிடந்தது. அடுத்து வந்த ஜெஃபர்ஸன், கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மார்பரி நேராக உச்ச நீதிமன்றத்தில் மாண்டமஸ், அதாவது அதிகாரி தன் கடமையைச் செய்யும்படி கோர்ட் போடும் கட்டளை, கேட்டு மனுப் போட்டார்.

அங்கே தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். உத்தரவில் முத்திரை குத்திவிட்டு அனுப்பாமல் விட்ட அந்த வெளியுறவுச் செயலரும் இதே மார்ஷல்தான்! இன்றைக்கு என்றால் 'இந்த வழக்கை நான் கேட்கக் கூடாது' என்று விலகியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் விலகவில்லை.

அவருக்கு இரண்டு பக்கமும் இடி. உத்தரவைக் கொடு என்று சொன்னால் ஜெஃபர்ஸன் மதிக்க மாட்டார், கோர்ட் மானம் போகும். கொடுக்க வேண்டாம் என்று சொன்னால் பயந்துவிட்டார் என்பார்கள். 1803 பிப்ரவரி 24 அன்று அவர் சொன்ன தீர்ப்பை இந்த வரிசையில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: மார்பரிக்கு அந்தப் பதவியில் உரிமை உண்டு. உரிமை உண்டென்றால் பரிகாரமும் உண்டு. ஆனால் நேராக எங்களிடம் வரலாம் என்று சொல்கிற 1789ம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு, அரசமைப்புச் சட்டம் எங்களுக்குக் கொடுத்த வரம்பைத் தாண்டுகிறது. சாதாரணச் சட்டமும் அரசமைப்புச் சட்டமும் மோதினால் எது செல்லும் என்று சொல்வது நீதிபதியின் வேலை. ஆகவே அந்தப் பிரிவு செல்லாது. மனு தள்ளுபடி.

தனக்குக் கிடைத்த ஒரு சிறிய அதிகாரத்தை வேண்டாம் என்று தள்ளி, ஒரு பெரிய அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். ஜெஃபர்ஸனுக்கு எதிர்க்க ஒன்றும் இல்லை, ஏனென்றால் வழக்கில் ஜெயித்தது அவர் தரப்பு. மார்பரிக்குக் கடைசி வரை அந்தப் பதவி கிடைக்கவில்லை, பாவம். பரீட்சையில் இந்தக் கதையை எழுதிவிட்டு அதன் பிறகு கோட்பாட்டை எழுதுங்கள். நம் அரசமைப்பில் 13வது பிரிவில் இதை எழுத்திலேயே வைத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனிதர்களை மாடு மாதிரி சந்தையில் விற்ற நாடு அது. பூர்வகுடிகளைத் துரத்திய நாடு. அதைப் போய் சட்டத்தின் ஆட்சி என்று பாராட்டுகிறீர்களே, உங்களுக்கே நியாயமா?
— ஆலைத் தொழிலாளி, கோயம்புத்தூர்

பதில்: கோபத்தில் நியாயம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சேர்த்தே சொல்கிறேன்.

1787ல் எழுதிய மூலத்தில் அடிமை என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர் என்று கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ண வேண்டும் என்று 'மற்ற நபர்கள்' என்ற மூடுசொல்லில் எழுதி வைத்தார்கள். ஓட்டு அவர்களுக்கு இல்லை. அவர்கள் தலையை எண்ணி எஜமானர்களுக்கு இடம். மேலே மதுரை மாணவருக்குச் சொன்னேனே, சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம். 1803க்குப் பிறகு காங்கிரஸ் சட்டம் ஒன்றை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் அதை அடுத்து எடுத்தது 1857ல், ட்ரெட் ஸ்காட் வழக்கில். விடுதலை கேட்டு வந்த ஒரு கறுப்பினத்தவரிடம், உன் இனத்தார் இந்த நாட்டின் குடிமக்களாக முடியாது என்று சொன்ன அதே தீர்ப்பில்! அந்தத் தீர்ப்பை அழிக்க ஒரு உள்நாட்டுப் போரும் இரண்டு அரசமைப்புத் திருத்தங்களும் தேவைப்பட்டன.

1942ல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரைக் குடும்பம் குடும்பமாக முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் அங்கேயே பிறந்த குடிமக்கள். 1944ல் உச்ச நீதிமன்றம் அந்த வெளியேற்றம் சரி என்றது. 1988ல்தான் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறு இரண்டு சம்பவங்கள். 1832ல், செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. செரோக்கிகளுக்குச் சாதகமான தீர்ப்பு. ஜார்ஜியா மதிக்கவில்லை. ஜனாதிபதி ஜாக்ஸன் மதிக்க வைக்கவும் இல்லை. 1838ல் அந்த மக்களைத் துப்பாக்கி முனையில் மேற்கே நடத்திப் போனார்கள், வழியிலும் முகாம்களிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கையில் ஜெயித்த தீர்ப்பு இருந்தது.

1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் ஊரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளியில் சேர வந்தபோது, ஆளுநர் மாநிலக் காவல்படையை வைத்து வாசலை மறித்தார். கோர்ட் உத்தரவு மாணவர்கள் கையில். ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தின் 101வது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பினார். போரில் பாராசூட்டில் குதிக்கும் வீரர்கள், ஒன்பது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் கூட்டிப்போனார்கள்.

இரண்டு இடத்திலும் மாநிலம் மறித்தது, இரண்டு இடத்திலும் தீர்ப்பு நலிந்தவர் பக்கம் இருந்தது. ஜனாதிபதி ஒருவர் சும்மா இருந்தார், ஒருவர் படையை அனுப்பினார். நான் பாராட்டுவது 1957ல் நடந்ததை. 1832ல் நடந்ததற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

கேள்வி: என் மகன் எச்-1பி விசாவில் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறான். குடிமகன் ஆகாதவனுக்கு அந்த ஊர் அரசமைப்புச் சட்டம் பாதுகாப்புத் தருமா? செய்திகளைப் பார்த்துப் பார்த்துத் தூக்கமே வருவதில்லை.
— இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: அம்மா, ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். யார் உள்ளே வரலாம், எவ்வளவு காலம் தங்கலாம் என்பதெல்லாம் காங்கிரஸ் போடும் குடியேற்றச் சட்டத்தைப் பொறுத்தது. விசா என்பது உரிமை ஆகாது. அதில் உங்களுக்குப் பொய்யான தைரியம் சொல்ல மாட்டேன். தம்பி தன் தாள்களைச் சரியாக வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்தால் அங்குள்ள குடியேற்ற வக்கீலைப் பார்ப்பதே நல்லது.

ஆனால் அங்கே இருக்கும் வரை அவன் சட்டத்துக்கு வெளியே நிற்கிறவன் இல்லை. 1868ல் வந்த 14வது திருத்தம், எந்த 'நபருக்கும்' சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்கிறது. குடிமகன் என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு உயிர் கொடுத்தவர் சீனாவிலிருந்து வந்த ஒரு சலவைத் தொழிலாளி.

சான்ஃபிரான்சிஸ்கோவில் 1880ல் நகரசபை ஒரு சட்டம் போட்டது. மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த நகரசபையின் அனுமதி வேண்டும். தீ விபத்துக்குப் பயந்து போட்ட சட்டம் போலத்தான் தெரியும். ஊரில் இருந்த சுமார் 320 சலவைக்கடைகளில் 310 மரக் கட்டடங்கள். சீனர்கள் சுமார் 200 பேர் அனுமதி கேட்டார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாதவர்கள் சுமார் 80 பேர் கேட்டார்கள், ஒருவரைத் தவிர எல்லாருக்கும் கிடைத்தது. யிக் வோ என்ற கடையை 22 ஆண்டாக நடத்தியவர், அனுமதி இல்லாமலே துணி வெளுத்தார். பத்து டாலர் அபராதம். கட்டாததால் பத்து நாள் சிறை. சிறையிலிருந்தே ஆட்கொணர்வு மனுப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1886ல் நீதிபதிகள் எல்லாரும் ஒருமனதாக அவரை விடுதலை செய்தார்கள். எழுத்தில் ஒழுங்காகத் தெரிகிற சட்டமாக இருந்தாலும், அதைக் 'கெட்ட கண்ணோடும் சமமில்லாத கையோடும்' நடத்தினால் அது சமத்துவ மறுப்புதான் என்று தீர்ப்பில் எழுதினார்கள். கோர்ட்டில் அதிகாரியின் பாரபட்சத்தை எதிர்த்து நான் வாதாடிய போதெல்லாம் இந்த வரி என் நாக்கில் நிற்கும். நம் அரசமைப்பின் 14வது பிரிவில் வரும் 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' என்ற சொற்கள் அந்த 14வது திருத்தத்திலிருந்து வந்தவை. இரண்டு நாட்டிலும் எண் பதினான்காகவே அமைந்தது தற்செயல்.

அப்புறம், நம்மவர்கள் அங்கே எப்போதும் வரவேற்கப்பட்டவர்களும் இல்லை. பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். 1923ல் உச்ச நீதிமன்றம் அவர் வெள்ளையர் அல்ல, குடியுரிமை பெற முடியாது என்றது. 1946ல் காங்கிரஸ் சட்டத்தை மாற்றிய பிறகே இந்தியர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. உங்கள் மகன் இன்று அந்த வாசலில் நிற்கிறான் என்றால், அவனுக்கு முன்னால் பலர் அதைத் தட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: ஆங்கிலப் படத்தில் போலீஸ் கைது செய்யும்போது, 'வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் உனக்கு ஒருவரை அமர்த்தித் தருவோம்' என்று மனப்பாடமாகச் சொல்கிறார்களே, அது நிஜமா, சினிமாவா?
— பட்டாசுத் தொழிலாளி, சிவகாசி

பதில்: நிஜம். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி.

1961 ஜூன் மாதம் ஃபுளோரிடா மாநிலம் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்து, மெஷினிலிருந்த சில்லறையையும் கொஞ்சம் மதுவையும் திருடியதாக கிளாரன்ஸ் கிடியன் என்பவரைப் பிடித்தார்கள். ஐம்பது வயது, ஏழை, எட்டாவதோடு நின்ற படிப்பு, ஏற்கெனவே ஜெயிலுக்குப் போனவர். கோர்ட்டில் எழுந்து, எனக்கு வக்கீல் வேண்டும் என்றார். மரண தண்டனை வழக்குக்குத்தான் மாநிலச் செலவில் வக்கீல், இதற்குக் கிடையாது என்றார் நீதிபதி. வக்கீல் பெற எனக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றார் கிடியன். உண்மையில் அன்று உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. 1942 தீர்ப்பு ஒன்று அதற்கு நேர் எதிராக இருந்தது. தானே தனக்கு வாதாடினார். ஐந்து ஆண்டு சிறை.

சிறைக்குள்ளே உட்கார்ந்து, சிறை கொடுத்த தாளில், பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். ஸ்பெல்லிங் தப்பு, இலக்கணத் தப்பு எல்லாம் இருந்தது. அந்தக் கோர்ட் அதை எடுத்துக்கொண்டது. அவருக்காக வாதாட ஏப் ஃபோர்டாஸ் என்ற வாஷிங்டனின் பெரிய வக்கீலை அமர்த்தியது. 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: பெரிய குற்றவழக்கில் வசதி இல்லாதவருக்கு மாநிலம் வக்கீல் அமர்த்தித் தர வேண்டும். பழைய தீர்ப்பு ரத்து. கிடியன் தப்பாகச் சொன்னது அன்று முதல் சட்டமாகிவிட்டது.

ஆகஸ்டில் அதே ஊரில், அதே நீதிபதி முன்னால் மறுவிசாரணை. இந்த முறை உள்ளூர் வக்கீல் ஒருவர் பக்கத்தில். அவர் சம்பவ இடத்தைப் போய்ப் பார்த்தார், முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணையில் பிழிந்தெடுத்தார். ஜூரி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்து குற்றமற்றவர் என்றது. கேஸ் ஒன்றேதான், சாட்சியும் பழைய ஆள்தான். புதிதாக வந்தது ஒரு வக்கீல். சினிமாவில் நீங்கள் கேட்கும் வாசகம் 1966ல் மிராண்டா வழக்கில் வந்தது, கிடியன் போட்ட பாதையில்.

1991ல் ஒரு சின்ன ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வேறு வேலையாக உட்கார்ந்திருந்தேன். மோட்டார் பம்ப் திருடியதாக ஒரு பையன் நின்றான், மூன்றாவது வாய்தா, வக்கீல் இல்லை. வராந்தாவில் என்னிடம் வந்து, "ஒத்துக்கிட்டா இன்னைக்கே வீட்டுக்குப் போகலாமாக்கா?" என்றான். யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றே வக்காலத்துப் போட்டேன். நாலு மாதம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறியவர், பையனை அன்றைக்குத் தான் பார்க்கவே இல்லை என்று சொன்னார். விடுதலை. நம் ஊரிலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும், ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதன் அலுவலகம் இருக்கிறது. தெரிந்தவர், உறவு, பக்கத்து வீடு யாருக்கு அவசியம் என்றாலும் அங்கே கூட்டிப்போங்கள்.

கேள்வி: நம் அரசமைப்பில் நூற்றுக்கும் மேல் திருத்தம், அவர்களுக்கு 27 மட்டும். ஏன்?
— பள்ளி ஆசிரியை, தேனி

பதில்: கதவு அவ்வளவு கனம். இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கு மேல் 50 மாநிலங்களில் 38 ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 27லும் முதல் பத்து 1791ல் ஒரே மூச்சில் வந்தவை. 27வது திருத்தத்தை 1789லேயே முன்மொழிந்தார்கள். காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால், அடுத்த தேர்தல் முடிந்த பிறகுதான் அது அமலுக்கு வரும் என்பது விஷயம். போதிய மாநிலங்கள் ஒப்பாமல் தூங்கியது. 1982ல் டெக்சாஸ் கல்லூரி மாணவர் ஒருவர், இது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். அதற்கு 'சி' கிரேடு போட்டார்கள். அவர் விடாமல் மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார். 1992ல் திருத்தம் நிறைவேறியது. 2017ல் கிரேடையும் 'ஏ' என்று மாற்றிக் கொடுத்தார்கள். உங்கள் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: மூலப் பத்திரத்தை நேரில் பார்த்திருக்கிறீர்களா?
— பத்திர எழுத்தர், தென்காசி

பதில்: பார்த்தேன், 2019ல். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வாஷிங்டன் ஆவணக் காப்பகத்துக்குப் பேத்தியோடு போனேன். மங்கலான வெளிச்சம், போட்டோ எடுக்கக் கூடாது. கண்ணாடிக்குள் நாலு பெரிய தோல் தாள்கள். நாலாவதில் 39 கையெழுத்துகள். அதையெல்லாம் அழகாக எழுதியவர் ஜேக்கப் ஷாலஸ், பென்சில்வேனியா சட்டசபையின் எழுத்தர். கூலி 30 டாலர். அவர் பெயர் அதில் எங்கும் இல்லை.

உங்கள் தொழிலுக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன். நாலாவது தாளில், கையெழுத்துகளுக்கு இடது பக்கம் சின்ன எழுத்தில் ஒரு பத்தி இருக்கிறது. கிரயப் பத்திரத்தின் கடைசியில் நீங்கள் அடித்தல் திருத்தல் குறிப்பு எழுதுவீர்களே, அதேதான்! முதல் பக்கம் ஏழாவது எட்டாவது வரிகளுக்கு நடுவே ஒரு சொல் சேர்த்தது, பதினைந்தாவது வரியில் 'முப்பது' என்ற சொல் பாதி சுரண்டிய இடத்தில் எழுதியது என்று ஒவ்வொன்றாகக் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். அரசமைப்பை எழுதிய சபையின் செயலர் வில்லியம் ஜாக்ஸன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அந்த 'முப்பது' எப்படி வந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. 40,000 பேருக்கு ஒரு பிரதிநிதிக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதி முடித்தாகிவிட்டது. 1787 செப்டம்பர் 17, கையெழுத்துப் போடும் நாள். ஒருவர் எழுந்து, 30,000 என்று குறைத்தால் ஜனங்களின் குரல் கூடுதலாகக் கேட்கும் என்றார். நாலு மாதம் தலைமை நாற்காலியில் இருந்துகொண்டு விவாதத்தில் கலந்துகொள்ளாத ஜார்ஜ் வாஷிங்டன் எழுந்து, இது சரி, மாற்றுங்கள் என்றார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எழுதிய தோலைச் சுரண்டித் திருத்தினார்கள்.

பேத்தி கண்ணாடிமேல் விரல் படாமல் ஒவ்வொரு வரியாக எண்ணிக்கொண்டே வந்தாள். பதினைந்தாவது வரிக்கு வரும்போது, பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நாங்கள் சுற்றிப் போய் மறுபடி வரிசையில் நின்றோம்.